மருந்தடிக்கிறவர்களுக்கு எந்த மாஸ்க், எந்த கிட்? வாங்கிக் கொடுத்ததை அரை மணி நேரத்தில் கழற்றிவிடுகிறார்கள்

கட்டபெட்டு_தேயிலை:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி, கட்டபெட்டுப் பக்கம் எங்களுக்கு மூன்றரை ஏக்கர் தேயிலை. அப்பா இருந்தவரை அவர் பார்த்துக்கொண்டார், நான் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தேன். இப்போது இரண்டு வருஷமாக நான்தான் பார்க்கிறேன். மருந்தடிக்க மூன்று பேர் வருவார்கள், அண்ணன்மார் இரண்டு பேர், தண்ணீர் சுமந்து மருந்து கலக்கிக் கொடுக்க ஓர் அக்கா. ஆள் குறைந்தால் அக்காவும் முதுகில் மருந்து டேங்க் மாட்டிக்கொள்வார். புல் வெட்ட பிரஷ் கட்டரோடு ஒரு தம்பி தனியாக வருவான்.

போன மாதம் தேயிலைக் கொசு என்கிற பூச்சிக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தபோது, பெரிய அண்ணன் ஏழாவது டேங்கை இறக்கி வைத்துவிட்டு அப்படியே பாதையோரம் உட்கார்ந்துவிட்டார். அந்தக் குளிரிலும் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது, வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, இரண்டு தடவை வாந்தி. காலையில் சாப்பிடாமல் வந்திருந்தார், அதனால் பித்தம் என்று நினைத்து மோர் கொடுத்து நிழலில் படுக்க வைத்தோம். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்ததால் என் ஸ்வெட்டரை மேலே போர்த்தினேன். சாயங்காலம் தெளிந்துவிட்டார். ஆனால் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாளே ஆன்லைனில் நான்கு கிட் வாங்கினேன், ஒன்று 650 ரூபாய். வெள்ளை ஓவரால், ஒரு கண்ணாடி, ஒரு மாஸ்க், நீல நிற மெல்லிய கிளவுஸ். அடுத்த மருந்துக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னேன், மறுக்காமல் போட்டார்கள். முதல் வரிசையிலேயே கவாத்து வெட்டின குச்சி குத்தி ஓவரால் தொடையில் கிழிந்தது. மிஸ்ட், அதாவது பனிமூட்டம், இறங்கினதும் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து கண் தெரியவில்லை. அக்காவுக்கு ஓவரால் ஒரு முழம் நீளம், மடித்து மேலே, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றுகிற படங்கைக் கட்டிக்கொண்டார், அப்படியும் தடுக்கிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரத்தில் மூன்று பேரும் கழற்றிச் செடி மேல் போட்டுவிட்டு வெறுங்கையோடு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். என்னால் கோபப்படவும் முடியவில்லை, அதைப் போட்டுக்கொண்டு என்னாலேயே அங்கே ஒரு மணி நேரம் நிற்க முடியாது.

எந்த மாஸ்க் வாங்கலாம், என்-95 போதுமா அல்லது இரண்டு பக்கமும் டப்பா வைத்தது வேண்டுமா? மற்றதெல்லாம் எது? பிரஷ் கட்டர் தம்பி கூலிங் கிளாஸ் மட்டும் போடுகிறான், அது போதுமா? மொத்தமாகப் பன்னிரண்டாயிரம் வரை செலவு செய்ய முடியும். மலையில் வேலை செய்து பழகினவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


பழைய_ஃபீல்டு_ஆபீசர்:

தம்பி, நான் பந்தலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் 26 வருஷம் ஃபீல்டு பார்த்தவன். நீங்கள் மாஸ்க்கைப் பற்றிக் கேட்கிறீர்கள், ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதின ஒரு வரியில்தான் விஷயம் இருக்கிறது. சட்டை முதுகு நனைந்திருந்தது என்கிறீர்கள். வேர்வை மட்டும் அப்படி நனைக்காது. அவர் மாட்டியிருந்த ஸ்ப்ரேயர் ஒழுகுகிறது. நாளைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். மூன்று டேங்கையும் நன்றாகக் கழுவி, வெறும் தண்ணீர் நிரப்பி, முதுகில் ஒரு பழைய வெள்ளை வேட்டித் துணியைப் போட்டுக்கொண்டு அதன் மேல் டேங்கை மாட்டி, மேடு பள்ளத்தில் பத்து நிமிஷம் பம்ப் அடித்துக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். அப்புறம் துணியைப் பாருங்கள். மூடி வாஷர் போயிருந்தால் மேல் பக்கம் நனையும், அடியில் ஹோஸ் சேருகிற இடம் போயிருந்தால் இடுப்புப் பக்கம் நனையும். வாஷர் இருபது முப்பது ரூபாய் சமாச்சாரம். அதை மாற்றாமல் ஆயிரம் ரூபாய் மாஸ்க் வாங்குவதில் அர்த்தமே இல்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மருந்தடிக்கிறவர் உடம்புக்குள் மருந்து போவது பெரும்பாலும் தோல் வழியாகத்தான், மூக்கு வழியாகப் போவது அதைவிடக் குறைவு. வாசனை மூக்கில் ஏறுவதால் நமக்கு மாஸ்க் ஞாபகம்தான் முதலில் வருகிறது. தோலிலும் எல்லா இடமும் ஒன்றில்லை. பாரத்தியான் என்ற மருந்தை வைத்து மனிதர்களிடமே அளந்து பார்த்த கணக்கு ஒன்று உண்டு. முன்கைத் தோல் உறிஞ்சுவதை 1 என்று வைத்தால் உள்ளங்கை 1.3, உச்சந்தலை 3.7, நெற்றி 4.2, காதுத் துவாரம் 5.4, விதைப்பை 11.8. முதுகில் ஒழுகுகிற தண்ணீர் எங்கே போகும்? இடுப்பு வழியாக இறங்கி, நாள் முழுக்கத் தொடை இடுக்கில்தான் நிற்கும். நெற்றியில் வழிகிற வேர்வையை மருந்துக் கையால் துடைக்கிறோமே, அதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கிளவுஸ். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நீங்கள் வாங்கின நீலம் டாக்டர் ஒரு தடவை போட்டுக் கழற்றி எறிகிறது, தேயிலைக் குச்சிக்கு அது தாங்காது. நைட்ரைல் என்கிற ரப்பரில் செய்த கெட்டியான கிளவுஸ் கேளுங்கள், 0.4 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையாமல், முன்கை பாதி வரை வருகிற மாதிரி. உள்ளே பஞ்சுத் துணி வைத்துத் தைத்தது கண்டிப்பாக வேண்டாம், தோல் கிளவுஸும் வேண்டாம். ஒரு தடவை மருந்து உள்ளே போய்விட்டால் பஞ்சு அதைக் குடித்துக்கொள்ளும். நம் மலையில் அது காய்வதும் இல்லை, அடுத்த வாரம் அதே ஈரத்துக்குள் கையை விடுவார்கள். அது வெறுங்கையைவிட மோசம்.

போடுகிற விதமும் இருக்கிறது. தேயிலையில் நாம் கீழ் நோக்கி அடிக்கிறோம், கை தொங்கித்தான் இருக்கும், அதனால் சட்டைக் கை கிளவுஸுக்கு வெளியே வர வேண்டும். உள்ளே விட்டால் வழிகிறது எல்லாம் கிளவுஸுக்குள் போய்ச் சேரும். அதே ஆள் சில்வர் ஓக் நிழல் மரத்தில் ஏறின மிளகுக் கொடிக்கு அண்ணாந்து அடித்தால் நேர் எதிர், கிளவுஸ் வெளியே, ஓரத்தை ஒரு மடிப்பு மடித்து விட வேண்டும். கம்பூட்டுக்கு எப்போதும் ஒரே விதிதான், பேண்ட் வெளியே. கழற்றும்போது முதலில் கிளவுஸோடு கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அப்புறம்தான் கழற்றுவது.

ஓவரால் விஷயத்தில் உங்கள் ஆட்கள் செய்ததுதான் சரி, அது தேயிலைக்கு ஆகாது. வயல்காரனுக்கு மருந்து காற்றில் வந்து படும், நமக்கு அப்படியில்லை. நாம் மருந்து அடித்த செடியை இடுப்பாலும் தொடையாலும் தள்ளிக்கொண்டே நடக்கிறோம், செடிதான் நம்மை நனைக்கிறது. கெட்டித் துணியில் முழுக்கை சட்டை, பேண்ட், அதற்கு மேல் முழங்காலுக்குக் கீழ் வரை வருகிற பி.வி.சி. ஏப்ரன். முதுகுக்கு அதே கனத்தில் ஒரு துண்டு, டேங்குக்கும் சட்டைக்கும் நடுவில். காற்று பக்கவாட்டில் போகும், புழுக்கம் இருக்காது, குச்சிக்கும் கிழியாது. ரெடிமேடாகவே வேண்டும் என்றால் ஐ.எஸ்.ஓ. 27065 என்று போட்டு அதில் சி2 என்று இருக்கிறதா பாருங்கள், பூச்சிமருந்து வேலைக்கென்றே சோதித்த உடுப்பு அது. சி1 என்பது ஆபத்து குறைந்த வேலைக்கு. சி3 என்பது மருந்து புகாத அளவுக்குக் கெட்டி, அதைப் போட்டுக்கொண்டு நாள் பூராவும் மேடு ஏற முடியாது.

கண்ணுக்கு கண்ணாடிக்குப் பதில் முகம் முழுக்க மறைக்கிற பாலிகார்பனேட் ஷீல்டு. அடிப்பக்கம் திறந்திருப்பதால் மூச்சுக்காற்று வெளியே போய்விடும், கண்ணாடி அளவுக்கு ஆவி படியாது. அப்படியும் படிகிற அளவுக்கு மிஸ்ட் இருந்தால் அன்றைக்கு மருந்தே அடிக்காதீர்கள், இலை ஈரத்தில் மருந்து வழிந்து மண்ணுக்குத்தான் போகும், காசும் வீண்.

இப்போது மாஸ்க். என்-95, அல்லது ஐ.எஸ். 9473 என்ற இந்தியத் தர முத்திரையோடு எஃப்.எஃப்.பி.2 என்று வருவது, தூசியையும் பனித்துளி மாதிரி வருகிற மருந்துத் துளியையும் நிறுத்தும். ஆவியை நிறுத்தாது. காப்பர் பவுடருக்கு அது போதும். கெரோசின் மாதிரி வாடை அடிக்கிற திரவ மருந்து என்றால் கரி டப்பா வைத்த பாதி முக மாஸ்க் வேண்டும், முன்னால் தூசி ஃபில்டரும் சேர்த்து. டப்பாவில் பட்டை நிறம் பாருங்கள், கரிம ஆவிக்கு ஐரோப்பிய முறையில் பழுப்பு, அமெரிக்க முறையில் கறுப்பு. வேலை முடிந்ததும் டப்பாவைக் காற்றுப் புகாத கவரில் போட்டு வைக்க வேண்டும், கரி நம் ஊர் ஈரத்தையும் குடித்துக்கொண்டே இருக்கும். மாஸ்க் போட்டிருக்கும்போதே வாடை தெரிந்தால் டப்பா முடிந்தது. தாடி வைத்தவருக்கு எந்த மாஸ்கும் ஒட்டாது, அதையும் சொல்லிவிடுங்கள்.

நாள் முழுக்க எல்லாவற்றையும் போட முடியாவிட்டாலும், பாட்டிலைத் திறந்து அளந்து ஊற்றுகிற அந்த ஐந்து நிமிஷத்தில் கிளவுஸ், ஏப்ரன், ஷீல்டு மூன்றும் இருந்தே ஆக வேண்டும். டேங்கில் இருப்பது தண்ணீர் கலந்தது, பாட்டிலில் இருப்பது முழு விஷம். உங்கள் தோட்டத்தில் அதைத் தொடுகிறவர் அந்த அக்கா. நான்கு பேரில் முதல் செட் அவருக்குத்தான் வாங்க வேண்டும்.

சட்டம் நீங்கள் கேட்கவில்லை, ஒரு வரி மட்டும். 1971 பூச்சிக்கொல்லி விதிகளிலேயே பாதுகாப்பு உடுப்பு, மூச்சுக் கருவி, மாற்று மருந்து, பயிற்சி எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்கிறது. தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 2010-இல்தான் பாதுகாப்புக்கென்று தனி அத்தியாயமே சேர்த்தார்கள்.


எஸ்டேட்_டிஸ்பென்சரி:

சார் சொன்னது அத்தனையும் சரி. நான் அந்த அண்ணனைப் பற்றிப் பேச வந்தேன். தம்பி, வேர்வை, எச்சில், வாந்தி மூன்றும் சேர்ந்து வந்தால் அது பித்தம் இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, மலையில் பாதிப் பேர் இதைப் பித்தம் என்றுதான் நினைக்கிறார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் இப்படித்தான் வரும். கண்மணி குண்டூசித் தலை மாதிரிச் சுருங்கும், கண் மங்கும், தசை துடிக்கும், நெஞ்சில் சளி கட்டினது போல மூச்சு இழுக்கும். அன்று அவர் தெளிந்தது நல்ல காலம். ஒரு டேங்க் கூட அடித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

இனி அப்படி நடந்தால் மோர், உப்புத் தண்ணீர், எலுமிச்சை எதுவும் வேண்டாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. முதலில் மருந்து அடிக்காத இடத்துக்குத் தூக்கி வந்து நனைந்த துணியைக் கழற்றுங்கள், தூக்குகிறவரும் கிளவுஸ் போட்டுக்கொள்ள வேண்டும். ஸ்வெட்டரைப் போர்த்தினேன் என்று எழுதியிருக்கிறீர்கள், நனைந்த சட்டைக்கு மேல் போர்த்தினால் மருந்து இன்னும் உள்ளேதான் போகும். கழற்றி, சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டு உடம்பைக் கழுவி, தலைமுடி, காது மடல், நகக்கண் எல்லாம் கழுவி, அப்புறம் உலர்ந்த துணி போர்த்துங்கள். நினைவு தப்பினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108-க்கு போன் செய்யுங்கள், மருந்து பாட்டிலைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். டாக்டருக்கு லேபிளில் உள்ள பெயர் வேண்டும், அட்ரோபின் என்ற மாற்று மருந்தைப் போடுவதா வேண்டாமா என்பது அதை வைத்துத்தான். டெல்லி எய்ம்ஸ் விஷ முறிவுத் தகவல் மையத்துக்கு இலவச எண் 1800-116-117, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். பாராகுவாட் களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது, அது உங்கள் ஷெட்டில் இருந்தால் முதலில் அதை வெளியே அனுப்புங்கள்.

இன்னொன்று, அந்த அண்ணனை உடனே மறுபடி டேங்க் மாட்ட விடாதீர்கள். இந்த வகை மருந்து நரம்புக்கு வேண்டிய கோலினெஸ்டரேஸ் என்ற என்சைமைக் குறைத்துவிடும், அது பழைய அளவுக்கு வர வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் கொஞ்சம் பட்டாலே போதும், விழுந்துவிடுவார். டாக்டரிடம் காட்டி, கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். அது வரைக்கும் கொழுந்து வேலையோ வேறு வேலையோ கொடுங்கள், கூலியைக் குறைக்காமல்.

நான் வேலை பார்த்த ஓர் எஸ்டேட்டில், பெயர் வேண்டாம், புத்தம் புது கிட் இருபது செட் ஸ்டோரில் பூட்டிக் கிடந்தது. இன்ஸ்பெக்ஷன் அன்று காலையில் எடுத்து மாட்டி விடுவார்கள், ஜீப் போனதும் திரும்ப வாங்கி எண்ணிப் பூட்டுவார்கள். அதே வாரம் கை முழுக்கக் கொப்புளத்தோடு என்னிடம் வருவார்கள். ஒரு தடவை ஒன்றரை வயதுக் குழந்தையைக் கொண்டு வந்தார்கள், உடம்பெல்லாம் தடிப்பு. அப்பா மருந்தடித்த சட்டையையும் குழந்தைத் துணியையும் அம்மா ஒரே பக்கெட்டில் ஊற வைத்திருந்தார். அந்தச் சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை.


எடக்காடு_கேரட்:

நாங்கள் கேரட், உருளை. ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன், மருந்து பீய்ச்சுகிற நாசில் அடைத்தால் வாயில் வைத்து ஊதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் பாக்கெட்டிலும் பழைய டூத் பிரஷ் ஒன்று போட்டுவிடுங்கள். அப்புறம் கடைக்காரர் கொடுத்ததை வாங்காமல் மருந்து டப்பாவில் நிற முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விஷம் குறைந்துகொண்டே வரும். தேயிலைக்கு எது அடிக்கலாம் என்று தேயிலை வாரியம் பட்டியலே போட்டிருக்கிறது, குன்னூரில் தோட்டக்காரர்கள் சங்கமான உபாசியில் கேட்டாலும் சொல்வார்கள். நீலத்திலோ பச்சையிலோ முடிகிற வேலைக்கு சிவப்பு வாங்க வேண்டாம். காய்கறிக்கு மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கூடாது என்று 2005-லேயே தடை வந்தது, அப்புறமும் எத்தனை நாள் கேட்டவுடனே எடுத்துக் கொடுத்தார்கள் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.


மெஷின்_வேலை:

நான் பிரஷ் கட்டரும் கவாத்து மெஷினும் ஓட்டுகிறவன். முதலாளிகள் எழுதுகிற இடத்தில் ஒரு கூலிக்காரனாகவும் ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அண்ணா, உங்கள் ஆட்களுக்கு நாள் கூலியா, டேங்க் கணக்கா? ஏழாவது டேங்க் என்று எண்ணிச் சொல்வதைப் பார்த்தால் டேங்க் கணக்கு மாதிரி இருக்கிறது. டேங்குக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால், கண்ணாடியைத் துடைக்க நிற்கிற நேரம், கை கழுவுகிற நேரம், காற்று மாறும் வரை காத்திருக்கிற நேரம் எல்லாம் எங்கள் காசு. எவ்வளவு நல்ல கிட் கொடுத்தாலும் கழற்றத்தான் செய்வோம். நாள் கூலி பேசுங்கள், காலையில் காற்று எழும்புவதற்கு முன்னால் அடித்து முடிக்கச் சொல்லுங்கள், மீதி நேரத்துக்கு வேறு வேலை கொடுங்கள். நானும் ஏக்கர் கணக்கில் ஓட்டியவன்தான், அப்போது முகத்தில் எதுவும் போட்டதில்லை.

தம்பி போடுகிற கூலிங் கிளாஸ் ஆகவே ஆகாது. அது உடைந்தால் அந்தச் சில்லே கண்ணில் போகும். எனக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் மஞ்சூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய வேலிக் கம்பி புல்லுக்குள் கிடந்தது, பிளேடில் பட்டுச் சுண்டு விரல் நீளத் துண்டு ஒன்று பறந்து வந்து இடது புருவத்துக்கு மேல் நின்றது. நிற்கவைத்துப் பிடுங்கினார்கள், நான்கு தையல். கீழே ஒரு விரற்கடை இறங்கியிருந்தால் கண். அன்றிலிருந்து இரும்பு வலை வைத்த முகமூடி போடாமல் மெஷினை ஸ்டார்ட் செய்வதில்லை. வலையாக இருப்பதால் மிஸ்டில் ஆவி படியாது, அதுதான் மலைக்கு வசதி. சின்னத் தூள் வலை வழியாக வரும், அதனால் உள்ளே ஐ.எஸ். 5983 போட்ட சாதாரணக் கண்ணாடி ஒன்று. மருந்தடிக்கிறவர்களுக்கு இந்த வலையைக் கொடுத்துவிடாதீர்கள், தண்ணீருக்கு அது ஓட்டைதான். காலுக்கு முட்டிக்குக் கீழே கிரிக்கெட் பேட் மாதிரி ஒரு கவசம், கம்பூட். மெஷினைச் சுற்றிப் பதினைந்து மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது, கொழுந்து எடுக்கிற அக்காமார் பக்கத்து வரிசையில் இருந்தால் நிறுத்திவிட வேண்டும்.

காது. பிரஷ் கட்டர் சத்தம் காதருகே 100 டெசிபல் பக்கம் வரும். ஃபேக்டரி விதிக் கணக்கில் 90 டெசிபலில் எட்டு மணி நேரம் நிற்கலாம், ஐந்து ஏறினால் நேரம் பாதி, அப்படியானால் 100-க்கு இரண்டு மணி நேரம்தான். நாங்கள் ஆறு மணி நேரம் ஓட்டுகிறோம். காது மூடி கட்டாயம் வேண்டும், ஆனால் இங்கே அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூடியைப் போட்டால் காட்டெருமை பின்னால் வந்து நின்றாலும் தெரியாது. தேயிலைக்குள் படுத்திருக்கிறது எழுந்தால் பத்தடியில் இருக்கும். மூடியைக் கழற்றுவது தீர்வு இல்லை. மேட்டில் ஓர் ஆளை நிறுத்த வேண்டும், மெஷின்காரர் கண்ணில் படுகிற மாதிரி, கையில் ஒரு சிவப்புத் துணியோடு. அவர் துணியைத் தூக்கினால் மெஷினை அணைத்துவிட்டு அவரைப் பார்க்க வேண்டும். அந்த ஆளுக்கும் நாள் கூலி கொடுக்க வேண்டும், அதைத்தான் யாரும் கொடுப்பதில்லை.

சில்வர் ஓக் கிளை கழிக்க ஆள் விடுகிறீர்கள் என்றால் முழு உடம்பு ஹார்னஸ், ஐ.எஸ். 3521 பார்த்து வாங்குங்கள், இடுப்பில் மட்டும் கட்டுகிற பெல்ட் வேண்டாம். கரண்டு கம்பி பக்கத்தில் போகிற மரத்தை மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் தொடவே கூடாது. அதற்கு எந்த கிளவுஸும் காப்பாற்றாது.


பந்தலூர்_மகள்:

அண்ணா, எங்கள் அம்மா எஸ்டேட்டில் மருந்து கலக்கிக் கொடுத்தவர்தான், அதனால் அந்த அக்காவுக்காக எழுதுகிறேன். கடையில் ஃப்ரீ சைஸ் என்று கொடுப்பது ஆண்கள் சைஸ். அம்மா கையில் கிளவுஸ் விரல் நுனி ஒரு அங்குலம் காலியாகத் தொங்கும், பாட்டில் மூடியைத் திருக முடியாது, அதனால் மூடி திறக்க மட்டும் கழற்றுவார். சார் சொன்ன முழு விஷத்தைத் தொடுகிற அந்த நிமிஷத்தில்தான் அம்மா கை வெறுங்கையாக இருக்கும். அந்த அக்காவின் உள்ளங்கையைச் சுற்றி நூல் வைத்து அளந்து கொண்டு போங்கள், 7 அல்லது 8 நம்பர் வரும். கம்பூட்டும் 5 நம்பர் கேளுங்கள், இல்லை என்றால் மேட்டுப்பாளையத்தில் சொல்லி வைத்து வாங்குங்கள். பெரிய கம்பூட்டில் இரண்டு சாக்ஸ் போட்டு நடக்கச் சொல்லாதீர்கள், சரிவில் அது காலை வாரிவிடும்.

அண்ணன்மார் வேலை முடிந்ததும் குழாயடியில் சட்டையைக் கழற்றிக் கழுவிக்கொள்வார்கள். அக்கா என்ன செய்வார்? அதே புடவை, அதே சட்டையோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போய், அடுப்பு மூட்டி, பிள்ளையைத் தூக்கி, அப்புறம் குளிப்பார். எங்கள் அம்மா அப்படித்தான் இருபது வருஷம் வந்தார். கதவு பூட்டுகிற மாதிரி ஒரு சின்ன அறை, இரண்டு பக்கெட் வெந்நீர், சோப்பு, மாற்றுத் துணி வைக்க ஓர் ஆணி. இது ஏப்ரனுக்கும் மாஸ்க்குக்கும் முன்னால் வேண்டியது. வெந்நீர் என்று ஏன் சொல்கிறேன் என்றால் நம் குளிரில் பச்சைத் தண்ணீர் வைத்தால் முகம் மட்டும் கழுவிக்கொண்டு போய்விடுவார்கள். கர்ப்பமாக இருக்கிறவர், பால் கொடுக்கிறவர் யாரையும் மருந்துப் பக்கமே விடாதீர்கள்.


கட்டபெட்டு_தேயிலை:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

வேட்டித் துணி வைத்துப் பார்த்தோம். இரண்டு டேங்கில் ஒன்றுமில்லை. மூன்றாவதில், பெரிய அண்ணன் மாட்டுகிறதில், ஐந்து நிமிஷத்திலேயே துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், இடுப்புக்கு நேராக. அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் நான்கு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. இது ரொம்ப நாளாகவே ஒழுகுகிறது என்றார் அண்ணன், சொன்னால் வேலைக்குச் சாக்கு என்று நினைப்பீர்களோ என்று சொல்லவில்லையாம். எங்கள் அப்பா காலத்து டேங்க் அது. வாஷர் மாற்றியும் நிற்கவில்லை, உடைத்துப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினேன்.

அவரைக் கோத்தகிரியில் டாக்டரிடம் கூட்டிப் போனேன், ரத்தம் எடுத்திருக்கிறார்கள், இந்த சீசன் முழுக்க மருந்து வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கொழுந்துக்கும் எடைக்கும் வருகிறார், கூலி அதேதான். டேங்க் கணக்குத்தான் பேசியிருந்தோம், அப்பா பேசி வைத்தது, நான் யோசித்ததே இல்லை. இனி நாள் கூலி.

வாங்கினது: நைட்ரைல் கிளவுஸ் ஆளுக்கு இரண்டு ஜோடி, அக்காவுக்கு 7 நம்பர், அது கிடைக்கத்தான் நான்கு நாள் ஆனது. பி.வி.சி. ஏப்ரன் நான்கு, முதுகுத் துண்டு அதே கடையில் வெட்டிக் கொடுத்தார்கள். ஷீல்டு மூன்று, தம்பிக்கு வலை முகமூடியும் காது மூடியும். கரி டப்பா மாஸ்க் இப்போதைக்கு ஒன்று, கலக்குகிறவருக்கு. பம்ப் ஷெட்டுக்குப் பக்கத்தில் அப்பா உரம் வைத்திருந்த அறையைக் காலி செய்து கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று, வெந்நீருக்கு ஒரு ராடு. பன்னிரண்டாயிரத்தில் முடியவில்லை, பதினைந்தைத் தாண்டிவிட்டது.

நேற்று வெறும் தண்ணீரில் ஒத்திகை பார்த்தோம், இரண்டு மணி நேரம் யாரும் எதையும் கழற்றவில்லை. அக்கா கிளவுஸோடு பாட்டில் மூடியைத் திருகித் திறந்து காட்டினார். ஒரே ஒரு குறை, கிளவுஸுக்குள் கை வேர்த்து ஈரமாகிவிடுகிறது, கழுவித் தொங்கவிட்டால் இந்த மிஸ்டில் உள்பக்கம் காயவே மாட்டேன் என்கிறது. அதற்கு என்ன செய்வது?


பழைய_ஃபீல்டு_ஆபீசர்:

அதற்குத்தான் இரண்டு ஜோடி, மாற்றி மாற்றிப் போட. வெளிப்பக்கம் சோப்பில் நன்றாகக் கழுவின பிறகு தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பிடியுங்கள், எங்காவது ஊசி முனை அளவு சொட்டினாலும் அந்த ஜோடியை வெட்டிப் போட்டுவிடுங்கள், வேறு யாரும் எடுத்து மாட்டக் கூடாது. சொட்டாவிட்டால் உள்பக்கத்தை வெளியே திருப்பி, விரலையெல்லாம் ஊதி விரித்து, அந்த அறையிலேயே கம்பியில் மாட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், சைக்கிள் பம்ப் போதும். சமையல் அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டு போக வேண்டாம்.

ரத்த ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள் தம்பி.


கட்டபெட்டு_தேயிலை:

வியாழக்கிழமை வரும் சார். எழுதுகிறேன்.